துறட்டுக்கோலின் பூட்டைக் காப்போம்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏரி, வாய்க்கால், விதை, உரம் என்று பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவதே இத்தகைய கூட்டங்களின் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ மிகச் சிறியது. நீட்டவும் சுருக்கவும் கூடிய அலுமினியத் துறட்டுக்கோலில், ஒரு குழாயை மற்றொரு குழாயோடு பிணைத்து நிறுத்துகின்ற பூட்டைப் பற்றியே பேச இருக்கிறோம். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு பொருளுக்கு ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். அந்தக் கோலின் நுனியில் இருப்பது கூரிய அரிவாள். அதன் கீழே அண்ணாந்து பார்த்து நிற்பவர் நம் வீட்டாருள் ஒருவர், அல்லது நம்மிடம் கூலிக்கு வந்தவர். பூட்டு நழுவினால் மேற்குழாய்கள் அரிவாளோடு சரிந்து அவர் கைமேலும் தோள்மேலும் இறங்கும். ஆகவே அதனைப் பேணுவது எப்படி என்று அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

மூங்கிலிலிருந்து அலுமினியத்திற்கு

முன்னாளில் துறட்டி என்றால் மூங்கில்தான். நீண்ட மூங்கிலின் நுனியில் அரிவாளைக் கட்டித் தேங்காய், மாங்காய், முருங்கைக்காய் முதலியவற்றைப் பறித்து வந்தோம். ஆனால் மூங்கிலுக்கு ஒரே நீளம். குட்டை மரத்திற்கு அது மிகுதி. நெட்டை மரத்திற்கு அது போதாது. அதனைத் தோப்புக்குத் தோப்பு கொண்டு செல்வதும் எளிதன்று.

அலுமினியக் கோல் இக்குறைகளைத் தீர்த்தது. இரும்பு தண்ணீரைக் காட்டிலும் ஏறத்தாழ 7.8 மடங்கு கனமுடையது, அலுமினியமோ 2.7 மடங்கு மட்டுமே. அதாவது, ஒரே அளவுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்தின் எடை. இது நமக்கு அந்நியமான உலோகமும் அன்று. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட்டு மண்ணிலிருந்து அலுமினியம் பிரிக்கும் ஆலை, 1960களில் நம் மேட்டூரில் எழுந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இன்று மரமேறும் தொழிலாளர் குறைந்துவிட்டனர். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் எண்ணற்ற தென்னைகள் சாய்ந்தன. அவற்றுக்கு மாற்றாக நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வரும்போது உயரம் குறைந்தே இருக்கும். அத்தகைய இளமரங்களுக்குத் தரையில் நின்றபடியே கோலால் காய் பறிக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளிலும், திண்டுக்கல், கரூர்ப் பக்கத்து முருங்கைத் தோட்டங்களிலும் கோல் இன்றியமையாத கருவியாகும். உழவர் குழுக்களும் ஊராட்சிகளும் பொதுவாக ஒரு கோல் வாங்கி வைத்துக்கொண்டு முறைபோட்டுப் பயன்படுத்துவதும் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பொதுவான கோலைப் பேணுவதும் பொதுவான பொறுப்பாகும்.

பிடிக்கும் இடமும் அசையும் இடமும்

அன்பர்களே! கோல் சரியாக நீளவில்லை என்றால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கைக்கு எட்டிய எண்ணெயை எடுத்துப் பூட்டில் ஊற்றுகிறோம். வண்டி அச்சுக்கு மை இடுகிறோம். கிணற்று உருளைக்கு எண்ணெய் இடுகிறோம். ஆதலால் பூட்டுக்கும் எண்ணெய் வேண்டும் என்று கருதுகிறோம். இங்கேதான் தவறு நேர்கிறது.

வண்டி அச்சு சுழல வேண்டிய பொருள். கோலின் பூட்டோ நழுவாமல் நிற்க வேண்டிய பொருள். சுழல வேண்டியதற்கு எண்ணெய் நன்மை செய்யும். பிடித்து நிற்க வேண்டியதற்கு அதே எண்ணெய் தீமை செய்யும். எண்ணெய் தடவிய கையால் மண்வெட்டிப் பிடியைப் பற்றிப் பாருங்கள், உண்மை விளங்கும்.

எந்தப் பூட்டை எடுத்துக்கொண்டாலும் அதில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று, உராய்வினால் பிடிக்கும் இடம். மற்றொன்று, திரும்பவும் மடங்கவும் வேண்டிய அசையும் இடம். பிடிக்கும் இடம் தூய்மையாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். அசையும் இடத்திற்கு மட்டும், அதுவும் மிகக் குறைந்த அளவில், மசகு இடலாம். இந்த ஒன்றை மனத்தில் கொண்டால், நாம் இனிச் சொல்லப் போவன யாவும் தாமே விளங்கும்.

திருகுப் பூட்டு

வெளியில் பூட்டு எதுவும் தெரியாமல், குழாயைப் பிடித்துத் திருகினால் இறுகும் வகை ஒன்று உண்டு. இதில் உள்குழாயின் முனையில் ஒரு திருகாணியும், அதன்மேல் பிளவுபட்ட பிளாஸ்டிக்குக் குமிழ் ஒன்றும் இருக்கும். குழாயைத் திருகும்போது அந்த அமைப்பு ஆப்புப் போல் இறங்கிக் குமிழை விரியச் செய்யும். விரிந்த குமிழ் வெளிக்குழாயின் உட்சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். விறகைப் பிளக்க நாம் ஆப்பு அடிக்கிறோமே, அதே தத்துவம்தான்.

இந்தப் பூட்டு முழுவதும் உராய்வையே நம்பியிருக்கிறது. ஆகவே இதற்கு எந்த எண்ணெயும், எந்தக் கிரீசும் வேண்டா. திருகாணிக்கு மட்டும் இடுவோம் என்று தொடங்கினாலும், வெயிலில் அது இளகிக் குமிழுக்கும் குழாய்ச் சுவருக்கும் பரவிவிடும்.

பேணும் முறை எளிது. மாதம் ஒரு முறையாவது உள்குழாயை முழுவதும் வெளியே உருவி எடுக்க வேண்டும். குமிழில் ஒட்டியுள்ள தூசியையும் நாரையும் துணியால் துடைக்க வேண்டும். திருகாணியின் மரைகளைப் பழைய பல்துலக்கியால் துப்புரவு செய்ய வேண்டும். நீண்ட குச்சியில் துணியைச் சுற்றி வெளிக்குழாயின் உட்புறத்தையும் துடைத்தல் நன்று. ஏற்கெனவே எவரேனும் எண்ணெய் இட்டிருந்தால், மென்மையான சவர்க்காரத்தைக் கரைத்த நீரால் கழுவி, நல்ல நீரால் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்திய பின்னரே செருக வேண்டும். மண்ணெண்ணெயால் கழுவினால் எண்ணெய்ப்படலம் எஞ்சி நிற்கும். பெட்ரோலும் வண்ணப்பூச்சுத் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடக்கூடும்.

சில வேளைகளில் எவ்வளவு திருகினாலும் குழாய் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். குமிழ் மிகவும் சுருங்கிவிட்டமையால் அது சுவரைத் தொடவில்லை என்பது பொருள். உள்குழாயை உருவிக் குமிழைக் கையால் சிறிது திருப்பி விரித்து, செருகும்போது சற்றே உரசும்படி வைத்தால் அது மீண்டும் பிடிக்கத் தொடங்கும். குமிழ் தேய்ந்து வழவழப்பாகிவிட்டாலோ, விரிசல் கண்டாலோ, புதிய குமிழ் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. துணியைச் சுற்றியும் காகிதத்தைத் திணித்தும் ஒப்பேற்றுதல் ஆபத்தாகும்.

நெம்புப் பட்டைப் பூட்டு

குழாயின் வெளியே ஒரு பட்டையும், அதை இறுக்க ஒரு சிறு நெம்பும் உள்ள வகை மற்றொன்று. நெம்பை மடக்கினால் பட்டை குழாயை இறுகக் கவ்வும், தூக்கினால் விடும். மிதிவண்டியின் இருக்கையை ஏற்றி இறக்கும் இடத்தில் இத்தகைய பூட்டைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

இதில் பட்டை குழாயைக் கவ்வும் இடமே பிடிக்கும் இடம். அங்கே துளி எண்ணெயும் படலாகாது. நெம்பு மடங்கும் ஊசியும், நெம்பின் அடிப்பகுதி பட்டையோடு உரசும் முனையும் அசையும் இடங்கள். அங்கே மெழுகுவத்தியைச் சிறிது தேய்க்கலாம். அல்லது கடைகளில் கிடைக்கும் உலர்வகைச் சிலிக்கோன் மசகை ஒரு துணியில் தெளித்துக்கொண்டு அத்துணியால் துடைக்கலாம். நேரே பூட்டின்மேல் தெளித்தால் அது பட்டைக்குள்ளும் புகுந்துவிடும்.

பட்டையின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். நெம்பு இலேசாக மடங்கினால் பிடி போதவில்லை. சுத்தியலால் தட்டினால்தான் மடங்குகிறது என்றால் இறுக்கம் மிகுதி. கட்டைவிரலால் அழுத்தி மூடும்போது நன்றாக எதிர்த்து, பிறகு மடங்க வேண்டும். அதுவே சரியான அளவு. ஆகவே திருகை ஒரே அடியாய்த் திருப்பாமல், கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும். மிகையாக இறுக்கினால் பிளாஸ்டிக்குப் பட்டை வெடிக்கும். மெல்லிய குழாய் நசுங்கும். நசுங்கிய குழாயில் உள்குழாய் ஓடாது.

பொத்தான் பூட்டும் மரைவளையமும்

குழாயில் வரிசையாகத் துளைகள் இருக்க, உள்ளிருந்து ஒரு பொத்தான் துருத்திக்கொண்டு வந்து துளையில் அமரும் வகை மூன்றாவது. உள்ளே வளைந்த எஃகுத் தகடு ஒன்று வில்லைப்போல் பொத்தானை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இங்கே பிடிப்பது உராய்வன்று. பொத்தானே தாழ்ப்பாளைப்போல் நிற்கிறது. ஆகவே இதற்குச் சிறிது மசகு இடுவதில் தீங்கில்லை. எஃகுத் தகடு துருப்பிடிக்கும் இயல்புடையது. தையல் எந்திரத்து எண்ணெயை ஒரு துளி இட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். ஆனால் சில கோல்களில் பொத்தானோடு நெம்புப் பட்டையும் சேர்ந்திருக்கும். அவற்றுக்கு மெழுகே போதும், எண்ணெய் வேண்டா.

இவ்வகையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பொத்தான் துளையை முழுவதும் நிரப்பி வெளியே வந்திருக்க வேண்டும். பாதி வந்தது வந்ததாகாது. துளை வட்டமாக இருக்க வேண்டும்; பளுவினால் நீண்டு முட்டை வடிவாகிவிட்ட துளையைப் பயன்படுத்தலாகாது.

நான்காவது வகை, மரைவளையத்தைத் திருகினால் உள்ளே இருக்கும் பிளவுபட்ட வளையம் குழாயை நெருக்கும் வகை. இதில் வெளிமரைக்கு மெழுகு தேய்க்கலாம். உள்வளையம் உலர்ந்தே இருக்க வேண்டும்.

எதை இடலாகாது?

நம் வீடுகளில் கிடைக்கும் தேங்காயெண்ணெயை இடும் வழக்கம் பலரிடம் உண்டு. அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலும் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் அது உறைந்துபோகும். மார்கழி காலையில் சீசாவிலுள்ள எண்ணெய் வெண்மையாக உறைவதை நாம் காண்கிறோம் அல்லவா? பூட்டுக்குள்ளும் அதுவே நிகழும். டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் கரியும் இரும்புத்தூளும் கலந்திருக்கும். அது தேய்மானத்தையே கூட்டும்.

பென்சில் கரியாகிய கிராபைட்டு நல்ல உலர்மசகுதான். வீட்டுப் பூட்டுகளுக்கு ஏற்றது. ஆனால் அலுமினியத்தின்மேல் அது தங்கி, அங்கே ஈரமும் சேர்ந்தால், மின்கலத்தில் துத்தநாகம் கரைவது போல் அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். ஆகவே அலுமினியக் கோலுக்குக் கிராபைட்டு ஆகாது.

பூட்டின் பகைவர்கள்

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பொதுவான நம்பிக்கை. அதில் பாதியே உண்மை. காற்றுப்பட்டவுடன் அலுமினியத்தின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று தானே படர்கிறது. அப்படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் கவசம்போல் காக்கிறது. அந்தக் கவசத்தை உடைக்கும் பகைவர்களும் உண்டு.

முதற்பகை உப்பு. கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்புக்காற்று குழாய்க்குள் புகுந்து தங்கும். அதனால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடி உண்டாகும். இரண்டு குழாய்களுக்கும் இடையில் அது சேர்ந்தால் குழாய் இறுகிக்கொள்ளும்; வலிந்து இழுத்தால் உராய்ந்து கீறும். எஃகுத் திருகு அலுமினியத்தில் பதிந்திருக்கும் இடங்களில் இவ்வரிப்பு இன்னும் விரைவாக நிகழும். நெம்புப் பட்டையின் திருகுமரையில் மட்டும் சிறிதளவு கிரீசு தடவி வைப்பது அங்கே ஈரத்தைத் தடுக்கும். கடற்கரை ஊரார் வாரம் ஒரு முறையேனும் கோலை நல்ல நீரில் அலசி உலர்த்துதல் வேண்டும்.

இரண்டாம் பகை போர்டோக் கலவை. தென்னையின் குருத்தழுகலுக்கும் பாக்கின் காயழுகலுக்கும் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்ற அளவில் கலந்து தெளிக்கிறோம். கலவை பதமாக இருக்கிறதா என்றறிய, தீட்டிய கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பது உழவர் அறிந்த சோதனை. கத்தியில் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்கிறோம். இரும்பில் செம்பு படிவதுபோல் அலுமினியத்திலும் செம்பு படியும். படிந்த இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் குழிகுழியாக அரிக்கப்படும். கலவையிலுள்ள சுண்ணாம்பின் காரமும் அந்த மெல்லிய கவசத்தைக் கரைக்கும். ஆகவே தெளிப்புக்குழலைக் கோலில் கட்டி மருந்தடித்தவர்கள், மறுநாளுக்கு ஒத்திவைக்காமல் அன்றே கோலைக் கழுவி வைக்க வேண்டும்.

மூன்றாம் பகை, நம் வீட்டுச் சாம்பல். பித்தளையையும் வெண்கலத்தையும் சாம்பலிட்டு விளக்குகிறோம். அலுமினியத்தை அவ்வாறு விளக்கலாகாது. சாம்பலும் சலவைச் சோடாவும் காரத்தன்மை உடையவை, கவசத்தைக் கரைத்துவிடும். மென்மையான சவர்க்கார நீரும் துணியும் போதும்.

நான்காம் பகை வெயில். உலோகத்திற்கு அது அவ்வளவு தீங்கு செய்யாது. பிளாஸ்டிக்குப் பட்டையோ நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். கோலை வரப்பில் போட்டுவிட்டு வருவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

இறுகிக்கொண்டால் என் செய்வது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோல் இறுகியவுடன் அதன்மேல் பழிபோட்டுச் சுத்தியலைத் தேடுகிறோம். குழாய் நசுங்கிவிட்டால் அத்துடன் அதன் ஆயுள் முடிந்தது. முதலில் இணைப்பில் சவர்க்கார நீரை விட்டு ஒருமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒருவர் வெளிக்குழாயையும் மற்றவர் உள்குழாயையும், பழைய இரப்பர்க் குழாய்த் துண்டைச் சுற்றிப் பற்றிக்கொண்டு, இழுக்காமல் முன்னும் பின்னுமாகத் திருகிப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் வெளிக்குழாயின்மேல் மட்டும் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். வெப்பத்தால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் இயல்புடையது. வெளிக்குழாய் சற்று விரிந்து பிடிவிடும். நெருப்பில் காட்டுவது மட்டும் கூடவே கூடாது. பிளாஸ்டிக்கு உருகுவதோடு, உறுதிபெறப் பதப்படுத்திய அலுமினியமும் கடுஞ்சூட்டால் தன் உறுதியை இழக்கும். வெளித்தோற்றத்தில் மாறுதல் தெரியாது. பளு ஏறும் நாளில் வளையும்.

அரிவாள் பூட்டுமுன் சோதனை

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், அரிவாளைப் பூட்டாமலே கோலை நீட்டிப் பூட்டுகளை இறுக்குங்கள். பிறகு கோலைச் செங்குத்தாகத் தரையில் ஊன்றி, மேற்குழாயைப் பற்றி இருவர் கீழ்நோக்கி அழுத்துங்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் இவ்வாறே செய்யுங்கள். ஓர் அங்குலம் நழுவினாலும் அன்று அந்தக் கோல் வேலைக்கு உதவாது. தொடர்ந்து கோலை இழுத்தும் பாருங்கள். ஏனெனில் காம்பை அறுக்கும்போது நாம் கீழ்நோக்கி இழுக்கிறோம். அப்போது குழாய் உருவிக்கொண்டு வரலாம்.

குழாயில் நிறுத்தக்கோடு குறித்திருந்தால் அதனைத் தாண்டி நீட்டலாகாது. கோடு அழிந்துபோயிருந்தால், ஒரு சாண் நீளமாவது உள்ளே இருக்கும்படி புதிய கோடு வரைந்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அரிவாளைக் கழற்றி, குழாய்களைத் துடைத்து, பூட்டுகளைத் தளர்த்தி, கூரையுள்ள இடத்தில் இரண்டு முளைகளின்மேல் கிடையாக வையுங்கள். இறுக்கியபடியே வைத்தால் குமிழும் பட்டையும் அந்த நெருக்கத்திலேயே பதிந்து, நாளடைவில் பிடி குறையும்.

தலைக்குமேல் செல்லும் கம்பி

உழவர் பெருமக்களே! இனிச் சொல்லப் போவதே இவ்வுரையில் எல்லாவற்றிலும் முதன்மையானது. எவ்வளவு நன்றாகப் பேணிய பூட்டும் மின்சாரத்திலிருந்து நம்மைக் காக்காது. நம் வயல்களின்மேல் செல்லும் மின்கம்பிகளே பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவைதாம். நடுவில் வலுவுக்காக எஃகு இழை இருக்கும். எந்த உலோகத்தை மின்சாரத்தைக் கடத்துவதற்கென்றே தேர்ந்தெடுத்தார்களோ, அதே உலோகத்தைத்தான் நாம் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளின்படி, 11,000 வோல்ட்டு வரையுள்ள காப்பில்லாத கம்பி, தெருவல்லாத வெளியிடங்களில் தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டியிருந்தது. தெருவைக் குறுக்காகக் கடக்கும் உயர் அழுத்தக் கம்பிக்கு அவ்விதி வகுத்த உயரம் 6.1 மீட்டர். 6 மீட்டர் கோலை மார்பளவில் பிடித்து உயர்த்தினால், அதன் நுனி 7 மீட்டருக்கு மேல் செல்லும். அவ்விதிப்படி கட்டிய கம்பியையே அது எட்டிவிடும். வெயிலில் தொய்ந்த கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

கோல் சாய்ந்து நீண்டிருக்கும் வேளையில் ஒரு பூட்டு நழுவினால், அதன் நுனி எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பூட்டைப் பேணுவதற்கும் உயிரைப் பேணுவதற்கும் உள்ள தொடர்பு இதுவே. ஆகவே கோலின் முழுநீளம், ஆள் உயரம், அதற்குமேல் 3 மீட்டர் ஆகிய மூன்றையும் கூட்டி வரும் தூரத்திற்குள் மின்கம்பி இருக்குமானால், அந்த மரத்தில் அலுமினியக் கோலைத் தொடவே கூடாது. மின்வாரியத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லி, மின்னோட்டத்தை நிறுத்தியதை உறுதிசெய்துகொண்ட பின்னரே அங்கே பறிப்பு நடைபெற வேண்டும். கைப்பிடியில் இரப்பர் உறை இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அது வழுக்காமலிருக்க இட்டதேயன்றி, மின்சாரத்தைத் தடுக்க இட்டதன்று. எவரேனும் மின்னோட்டத்தில் அகப்பட்டால், மின்சாரத்தை நிறுத்தாமல் அவரையோ கோலையோ தொடலாகாது. உடனே மின் அலுவலகத்திற்கும் 108 ஊர்திக்கும் செய்தி சொல்ல வேண்டும்.

ஊராட்சியின் கடமை

பொதுக்கோல் உள்ள ஊர்களில் ஒரு குறை எப்போதும் காணப்படுகிறது. எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்; ஒருவரும் துடைப்பதில்லை. இரவல் வாங்கியவர் தமக்குத் தெரிந்த எண்ணெயை இடுகிறார். அடுத்தவர் தமக்குத் தெரிந்த வேறொன்றை இடுகிறார். மூன்றாவதாக எடுத்துச் செல்பவர் கூலியாள். முன்னிருவர் செய்தது அவருக்குத் தெரியாது. பூட்டு நழுவுவது அவர் கையில்தான். பிறர் சோம்பலுக்கும் அறியாமைக்கும் ஏழை ஒருவர் தம் உடலால் விலை கொடுப்பது நீதியன்று.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டுவதில்லை. கோலுக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். அவரைத் தவிர வேறு எவரும் பூட்டில் எதையும் இடலாகாது என்று விதி செய்யுங்கள். ஒரு சிறு பெட்டியில் இரண்டு துணிகள், ஒரு பல்துலக்கி, ஒரு மெழுகுவத்தி, ஒரு சவர்க்காரக் கட்டி, மாற்றுக்குமிழ் அல்லது மாற்றுப் பட்டை ஒன்று ஆகியவற்றை வைத்திருங்கள். கோல் வாங்கும்போதே மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று கேட்டு, இரண்டைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒரு குறிப்பேடு வையுங்கள். எடுத்தவர் பெயர், நாள், திருப்பித் தந்தபோது பூட்டு பிடித்ததா என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். அதன் மேலட்டையில் மின் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஊரில் எந்தெந்தத் தோப்பின்மேல் மின்கம்பி செல்கிறது என்பதையும் அதிலே குறித்து வைத்தால், கோலை எடுத்துச் செல்லும் ஒவ்வொருவரையும் முன்கூட்டியே எச்சரிக்கலாம்.

இந்த ஏற்பாட்டை அடுத்த ஊராட்சிக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றலாம். அதுவரை காத்திராமல், இன்று மாலை வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் தம் கோலை எடுத்துக் குழாய்களை உருவிப் பாருங்கள். குமிழில் எண்ணெய் மின்னினால் கழுவுங்கள். விரிசல் கண்டால் மாற்றுங்கள். மாற்றும்வரை கோலை எவர்க்கும் இரவல் கொடாதீர்கள். நம் தோப்புக்கு வேலைக்கு வருகின்றவர் மாலையில் நலமாகத் தம் வீடு திரும்ப வேண்டும். அதற்கு நாம் செலவிட வேண்டுவது ஒரு துண்டுத் துணியும் கால்மணி நேரமும்தாம்.